வராந்தாவில் தகைவிலான் குஞ்சுகள்: எங்கிருந்து பார்ப்பது, எதைப் பார்ப்பது?

வால்பாறைப் பக்கம் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஒருவரின் கேள்வி இது: "எங்கள் வராந்தாவில் டியூப்லைட்டுக்கு மேலே ஒரு ஜோடிக் குருவி மண்ணால் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறது. தகைவிலான் என்கிறார்கள். தினமும் ஸ்டூல் போட்டு ஏறி, படம் எடுத்து, வளர்ச்சியைப் பதிவு செய்யலாமா? எத்தனை நாளில் பறக்கும்? நடுவில் குஞ்சு கீழே விழுந்துவிட்டால் என்ன செய்வது?"

முதலில் அந்த ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பறவைக்குத் தொந்தரவு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பதும் குறைவுதான். ஆள் தலை தெரிந்ததும் குஞ்சுகள் பம்மிக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நாலு முதுகுதான் படத்தில் விழும். அவை வாய் திறப்பதையும், அடித்துப் பிடித்து இரை வாங்குவதையும் பார்க்க வேண்டுமென்றால் பெரிய பறவைகள் பயமில்லாமல் வந்துபோக வேண்டும். அதற்கு நீங்கள் தள்ளி உட்கார்ந்தாக வேண்டும். இன்னொன்று, தகைவிலான் குஞ்சுகளிடம் பார்க்க வேண்டியதில் பாதிக்குமேல் கூட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் நடக்கிறது. கூடு காலியானதும் "பறந்து போயிடுச்சு" என்று எல்லோரும் கேமராவை மூடிவிடுகிறார்கள். கரண்டுக் கம்பியை அண்ணாந்து பார்க்க வேண்டிய வாரம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

எந்தத் தகைவிலான் என்பதை உறுதி செய்துகொள்வோம். உங்கள் ஊர் உயரத்தில், வீட்டு வராந்தாவில், மேல்பக்கம் திறந்த அரைக் கிண்ணமாகக் கூடு இருந்தால் அநேகமாக அது மலைத் தகைவிலான். நீலகிரி, ஆனைமலை, கொடைக்கானல், மூணாறு, இலங்கையின் மலையகம் என இந்தப் பக்கத்து மலைகளில் ஆண்டு முழுக்க இருக்கும் பறவை. முதுகு பளபளக்கும் கருநீலம், நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம், வயிறு மங்கிய சாம்பல், குட்டை வால். உடம்பு முழுக்கக் கரும்பழுப்பாக இருந்தால் அது பாறைத் தகைவிலான். அதுவும் இதே மாதிரித் திறந்த கூடுதான் கட்டும் என்பதால் கூட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கூடு மூடியிருந்து, நுழைவதற்கு ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் செம்பிட்டத் தகைவிலான். அதில் குஞ்சுகள் வளர்ந்து வாசலுக்கு வரும்வரை ஒன்றும் தெரியாது. குளிர்காலத்தில் வரும் சாதாரணத் தகைவிலானுக்குத் தொண்டைக்குக் கீழே கரும்பட்டை உண்டு, வாலின் இரு ஓரமும் நீண்டிருக்கும். அது தமிழ்நாட்டில் கூடு கட்டுவதில்லை.

உழவாரன் (Swift) என்ற வேறொரு பறவையைத் தகைவிலான் (Swallow) என்று நினைத்துக்கொள்வது சகஜம். உழவாரன் இறகையும் புல்லையும் எச்சிலால் ஒட்டிக் கட்டும். கூட்டில் மண் உருண்டைகள் தெரிந்தால் தகைவிலான்தான். ஒரு கூட்டுக்கு அலகில் சுமந்து வரும் உருண்டை ஆயிரத்தையொட்டி இருக்கும். உழவாரன் கம்பியில் உட்காராது, அதன் கால் அதற்கேற்றதல்ல. ஆகவே கம்பியில் வரிசையாகக் குஞ்சுகள் உட்கார்ந்திருந்தால் அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை.

இப்போது இடம். கூட்டிலிருந்து எட்டுப் பத்து மீட்டர் தள்ளி, வராந்தாவின் மறுகோடியிலோ வீட்டுக்குள் ஜன்னலருகிலோ ஒரு நாற்காலி போடுங்கள். தினமும் அதே இடம். எட்டு மடங்கு பைனாகுலர் தாராளமாகப் போதும். நடமாடும் ஆட்களை இந்தப் பறவைகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, அதனால்தானே வராந்தாவிலேயே கட்டுகின்றன. நின்று அண்ணாந்து உற்றுப் பார்க்கிறவரைத்தான் சந்தேகிக்கும். நீங்கள் சரியான தூரத்தில் இருக்கிறீர்களா என்று பறவையே சொல்லிவிடும். அலகில் இரையோடு வந்தது கூட்டுக்குப் போகாமல் கம்பியில் உட்கார்ந்து கூர்மையாகக் கத்தினாலோ, கூட்டுக்கு முன்னால் வந்து வந்து திரும்பினாலோ, நீங்கள்தான் குறுக்கே இருக்கிறீர்கள். அந்தக் கத்தலைக் கேட்டதும் குஞ்சுகள் சட்டென்று அடங்கிக் கீழே படுத்துவிடும். அந்த நேரத்தில் உட்கார்ந்து பார்ப்பதில் பயனில்லை, எழுந்து உள்ளே போய்விடுங்கள். பிளாஷ் கூடவே கூடாது. ராத்திரியில் அந்த டியூப்லைட்டை அணைத்து வையுங்கள். வராந்தாவுக்குக் கதவோ திரையோ இருந்தால் விடியுமுன் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் முதல் வெளிச்சத்திலேயே இரைக்குப் போக ஆரம்பித்துவிடும்.

நாள் கணக்குக்கு வருவோம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மிக அதிகமாக ஆராயப்பட்டது சாதாரணத் தகைவிலான். மலைத் தகைவிலான் அதற்கு நெருங்கிய உறவு என்பதால் அந்தக் கணக்கை ஓரிரு நாள் முன்பின்னாக எடுத்துக்கொள்ளலாம். அடைகாப்பது ஏறக்குறைய இரண்டு வாரம். பொரித்த குஞ்சு இரண்டு கிராம்கூட இருக்காது. கண் மூடி, தோல் தெரிய, அங்கங்கே சாம்பல் நிறப் பூமயிர் மட்டும் இருக்கும். இந்தக் கட்டத்தில் உங்கள் நாற்காலியிலிருந்து குஞ்சு தெரியாது. பெரிய பறவை கூட்டில் உட்காருவதும், விளிம்பில் நின்று தலையை உள்ளே விட்டு எடுப்பதும்தான் தெரியும். ஒரு வாரத்துக்குள் கண் திறக்கும். ஒன்பது பத்து நாள் வாக்கில் முள்ளாக நிற்கும் இறகுக் குருத்துகள் பிரிய ஆரம்பிக்கும். அந்த வயதில் குஞ்சு பழைய பல் பிரஷ் மாதிரி இருக்கும், பார்க்கச் சகிக்காது. அதற்குப் பிறகு உடம்பின் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியும் என்பதால் தாய் பகலில் உட்காருவதை நிறுத்திவிடும். "தாய் விட்டுட்டுப் போயிடுச்சு" என்று பலர் பதறுவது இந்த நாட்களில்தான். இரை வந்துகொண்டிருந்தால் கவலை வேண்டாம்.

இரண்டு வாரம் நெருங்கும்போது குஞ்சின் எடை பெரிய பறவையின் எடையையே தாண்டிவிடும். பிறகு பறப்பதற்கு முன் கொஞ்சம் குறையும். இறகு முற்றும்போது உடம்பிலுள்ள நீர் குறைவதே இதற்கு முக்கியக் காரணம். கடைசி வாரத்தில் குஞ்சு மெலிந்து தெரிந்தால் பட்டினி என்று நினைத்துக்கொண்டு எதையாவது ஊட்டக் கிளம்பிவிடாதீர்கள்.

குஞ்சுகள் விளிம்புக்கு மேலே தலை நீட்ட ஆரம்பித்த பிறகு நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மனம் வராது. பெரிய பறவை வரும்போது அதன் தொண்டையைப் பாருங்கள், கீழே புடைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பூச்சியாகக் கொண்டுவருவதில்லை. பறந்துகொண்டே பிடித்த ஈ, கொசு, சிறு வண்டு, பறக்கும் எறும்பு என்று பத்து இருபதைச் சேர்த்து ஒரே உருண்டையாக்கி ஒரு குஞ்சின் தொண்டைக்குள் இறக்கிவிடும். இறங்குவது, திணிப்பது, கிளம்புவது எல்லாம் இரண்டு மூன்று நொடி. சில தடவை கிளம்பாமல் நிற்கும். அப்போது கண்ணை எடுக்காதீர்கள். இரை வாங்கிய குஞ்சு மெல்லத் திரும்பிப் பின்பக்கத்தைத் தூக்கும், வெள்ளைச் சவ்வு சுற்றிய எச்சப் பை ஒன்று வெளியே வரும், பெரிய பறவை அதை அலகில் கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டுவிடும். பன்னிரண்டு நாள் வாக்கில் இந்தச் சேவை குறைந்துவிடும். குஞ்சுகளே விளிம்புக்கு வெளியே பின்பக்கத்தை நீட்டிப் போட ஆரம்பிக்கும். உங்கள் வராந்தாத் தரையில் திடீரென்று எச்சம் குவிந்தால் குஞ்சுகளின் வயது இரண்டு வாரத்தை நெருங்குகிறது என்று அர்த்தம். ஏணி இல்லாமலேயே வயது தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

யாருக்கு இரை கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். முதலில் கழுத்தை நீட்டியதற்கும், விளிம்பின் நல்ல இடத்தில் இருப்பதற்கும் முதலில் கிடைக்கும். வயிறு நிறைந்ததும் அது பின்வாங்க, அடுத்தது முன்னால் வரும். வாய்க்குள் தெரியும் ஆரஞ்சுச் சிவப்புக்கும் பங்கு உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், நோய் எதிர்ப்பைத் தூண்டிவிட்ட குஞ்சுகளின் வாய்ச் சிவப்பு மங்கியது, சிவந்த வாய்க்குப் பெற்றோர் அதிகம் ஊட்டின. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வருகை என்று எழுதி வையுங்கள். நாலைந்து குஞ்சு உள்ள சாதாரணத் தகைவிலான் கூட்டுக்கு நல்ல நாளில் 400 தடவை வரை இரை வரும். மலைத் தகைவிலானுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று குஞ்சுதான், ஆகவே எண்ணிக்கையும் குறையும். ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். நூறு குளோசப் படத்தைவிட இந்த எண்ணிக்கை பின்னாளில் உபயோகப்படும் என்பது என் கட்சி.

அந்த எண்ணிக்கையை வெயில் நாளிலும் கோடை மழை நாளிலும் எடுத்து ஒப்பிட்டால் இந்தப் பறவையின் பிழைப்பு எதில் தொங்குகிறது என்று புரியும். தகைவிலான் பறக்கும் பூச்சியை மட்டுமே நம்பியது. ஏப்ரல், மே மாதத்தில் மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கி மழை பிடித்தால் பூச்சி மேலே வராது, பறவை தேயிலைச் செடிக்கு ஒரு முழம் மேலே, ஓடைக்கு மேலே என்று தாழப் பறந்து தேடும். வருகை பாதியாகும், சில நேரம் நின்றே போகும். ஒரு நாள் மழையைக் குஞ்சுகள் தாங்கும், நாள் கணக்கில் விடாத மழை என்றால் கடைசியாகப் பொரித்த குஞ்சு செத்துப் போவதும் உண்டு. அதே மழை விட்டு ஈசல் கிளம்பினால் நிலைமை தலைகீழ். ஊரிலுள்ள தகைவிலான் அத்தனையும் அந்த இடத்தில் கூடிவிடும்.

பொரித்துப் பதினைந்து நாள் ஆனபிறகு கூட்டின் பக்கமே போகாதீர்கள். வெள்ளையடிப்பது, பல்பு மாற்றுவது எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். இந்த வயதுக் குஞ்சு பயந்தால் பம்மாது, குதித்துவிடும். இறகு முற்றாமல் குதித்தது பூனைக்கும் அண்டங்காக்கைக்கும்தான் போகும். தானாகக் கிளம்பினால் பதினெட்டிலிருந்து இருபத்துமூன்று நாளுக்குள் பறக்கும். அதற்கு முன் ஓரிரு நாள் விளிம்பில் ஏறி நின்று இறக்கையை வேகமாக அடித்துப் பார்க்கும், பக்கத்துச் சட்டத்துக்குத் தாவித் திரும்பும். எல்லாம் ஒரே நாளில் கிளம்ப வேண்டும் என்றும் இல்லை.

அப்புறம் கம்பி. வெளியே வந்த குஞ்சுகள் பெரும்பாலும் கூட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே கம்பி, இலை உதிர்ந்த கிளை, தகரக் கூரை விளிம்பு எதிலாவது வரிசையாக உட்காரும். அடையாளம் சுலபம்: அலகின் இரு ஓரத்திலும் வெளிறிய மஞ்சள் தடிப்பு, பளபளப்பில்லாத பழுப்பு கலந்த முதுகு, மங்கிய தொண்டை, இன்னும் குட்டையான வால். வெகு நேரம் சும்மா இறகைக் கோதிக்கொண்டிருக்கும். திடீரென்று எல்லா வாயும் ஒரே திசையில் திறக்கும், இறக்கைகள் நடுங்கும். பெரிய பறவை வருவது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவற்றுக்குத் தெரிந்திருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் கம்பியில் வந்து ஊட்டும். பிறகு உட்காராது. குஞ்சு எழும்பி வரும், இரண்டும் காற்றில் நேருக்கு நேர் மேலேறி நெஞ்சோடு நெஞ்சு ஒட்டினாற்போல ஒரு கணம் நிற்கும், அந்தக் கணத்தில் உருண்டை கைமாறிவிடும். இதைப் படம் பிடிக்க முயன்றால் நடந்ததைப் பார்க்க மாட்டீர்கள். முதலில் சில நாள் வெறுங்கண்ணால் பாருங்கள்.

பெரிய பறவைக்குத் தன் குஞ்சு எது என்று தெரியுமா என்பது சுவாரசியமான கேள்வி. 1980களில் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். நூற்றுக்கணக்கில் நெருக்கமாகக் கூடு கட்டும் அந்நாட்டுக் குன்றுத் தகைவிலானில் (Cliff Swallow, நம் மலைத் தகைவிலான் வேறு) ஒவ்வொரு குஞ்சின் குரலும் தெளிவாக வேறுபடுகிறது, பெற்றோரும் அதை வைத்துத் தன் குஞ்சைக் கண்டுபிடிக்கின்றன. தனித்தனியாகவோ சிறு கூட்டமாகவோ கட்டும் சாதாரணத் தகைவிலானில் குரல் வேறுபாடு குறைவு, பெற்றோரும் அவ்வளவாகப் பிரித்தறிவதில்லை. கலந்து போக வாய்ப்பில்லாத இடத்தில் அந்தத் திறமைக்குத் தேவை எழவில்லை. ஒரே கம்பியில் இரண்டு குடும்பத்துக் குஞ்சுகள் உட்கார்ந்தால் யார் யாருக்கு ஊட்டுகிறார்கள் என்று கவனியுங்கள்.

இந்த வாரத்தில் பார்க்க இன்னும் இருக்கிறது. காற்றில் மிதக்கும் இறகைக் கவ்வி, விட்டு, மறுபடி பாய்ந்து பிடிக்கும். பூச்சி பிடிக்க அதுதான் பயிற்சி. தண்ணீர் குடிப்பதும் பறந்துகொண்டேதான். பெரியது குளத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போய் அலகை மட்டும் நனைக்கும், குஞ்சு முதலில் வயிறு வரை நனைந்து எழும். வெயில் ஏறியதும் தகரத்தின் மேல் இறக்கையை விரித்துப் படுத்துக்கொள்ளும், செத்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். வல்லூறு தலை காட்டினால் பெரியவை கத்திக்கொண்டு எழும்ப, குஞ்சுகள் ஆடாமல் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். இருட்டுவதற்கு முன் கூட்டைப் பாருங்கள். முதல் சில இரவுகள் எல்லாம் திரும்பி வந்து அந்தச் சின்னக் கிண்ணத்திலேயே நெருக்கியடித்துத் தூங்கும். ஊட்டுவது ஏறக்குறைய ஒரு வாரம் தொடரும், அப்புறம் கையை விரித்துவிடும்.

விழுந்த குஞ்சுக்கு வருகிறேன். இறகில்லாததோ முள்ளிறகோடு இருப்பதோ விழுந்தால் கையில் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடலாம். இதற்கு மட்டும் அந்த ஸ்டூலை வெளியே கொண்டுவரலாம். மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. கூட்டில் சிற்றுண்ணிகள் இருக்கும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கூடே பெயர்ந்து விழுந்திருந்தால் பெரிய தேங்காய்ச் சிரட்டை ஒன்றில் காய்ந்த புல்லும் உடைந்த கூட்டின் உள்மெத்தையும் வைத்து, அதே இடத்தில் ஆணியடித்தோ கம்பியால் கட்டியோ நிறுத்திக் குஞ்சுகளை அதில் விடுங்கள். பிறகு தூரத்திலிருந்து ஒரு மணி நேரம் பாருங்கள், பெரும்பாலும் வந்து ஊட்டிவிடும். முழு இறகோடு இருக்கும் குஞ்சு என்றால் மேலே எறியாதீர்கள். பூனை எட்டாத உயரமான சட்டத்திலோ கிளையிலோ உட்கார வையுங்கள், மிச்சத்தைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளும். பால், சோறு, பிரெட் எதுவும் வேண்டாம், அலகில் தண்ணீர் சொட்டுவதும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அடிபட்டிருந்தால் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எச்சம்தான் வீட்டில் சண்டைக்குக் காரணமாகும். கூட்டுக்கு ஒன்றிரண்டு அடி கீழே ஒரு பலகை அடித்துவிட்டால் தரை தப்பும், ஒட்டடைக் கோலும் ஓய்வெடுக்கும். கூட்டைத் தட்டிவிட யாராவது சொன்னால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதன் வரையறையிலேயே பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வருகிறது என்பதை ஞாபகப்படுத்துங்கள்.

சமவெளியில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. வாய்க்கால் மதகு, சிறு பாலங்களுக்கு அடியில் கம்பிவால் தகைவிலான் கூடு கட்டும். பாலத்துக்கு அடியில் இறங்காமல் கரையில் உட்கார்ந்து பாருங்கள், அங்கே பயந்து குதிக்கும் குஞ்சுக்குக் கீழே தண்ணீர். பெரியதற்கு உச்சந்தலை செம்பழுப்பு, வாலில் இரு கம்பி. குஞ்சுக்கு உச்சந்தலை மங்கிய பழுப்பு, கம்பி இருக்காது. மற்றபடி ஆகஸ்ட் கடைசியிலிருந்து வயல்வெளிக் கம்பிகளில் வந்து உட்காரும் சாதாரணத் தகைவிலான்களிலும் அந்த ஆண்டுக் குஞ்சுகள் நிறைய இருக்கும். தொண்டை வெளுத்து, மார்ப்பட்டை பழுப்பாக, வால் குட்டையாக இருப்பவை அவை. வடக்கே பிறந்து சில மாதத்தில் இவ்வளவு தூரம் வந்தவை. குளிர்காலம் முழுக்க இங்கேயே ஒவ்வொன்றாக இறகு மாற்றும், பறக்கும்போது இறக்கையில் இடைவெளி தெரியும். மார்ச்சில் பார்த்தால் நீண்ட வாலோடு பெரியவற்றிலிருந்து பிரித்தறிய முடியாமல் இருக்கும்.

உங்கள் வராந்தாக் கூடு காலியானதும் பெயர்த்துவிட வேண்டாம். அதே ஜோடி சில வாரத்தில் அதே கூட்டில் மறுபடி முட்டையிடக்கூடும், அடுத்த ஆண்டு விளிம்புக்கு மட்டும் புது மண் வைத்துக்கொண்டு திரும்ப வரவும் கூடும். வராந்தாவுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் கூடு கட்டும் காலம் முழுதாக முடிந்து, பறவைகள் அங்கே இரவு தங்குவதையும் நிறுத்திய பிறகு, கூட்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.